எண்ணத் தெரிந்த அண்டங்காக்கை

பெட்டிக்குள் உட்கார்ந்து உட்கார்ந்து பெர்கூருக்கு இரண்டு காலும் மரத்துப் போய்விட்டன. எதிரே பாறையின் மேல் அவர் வைத்த ஆட்டுக் குடல் வைத்தது வைத்தபடி கிடந்தது. அண்டங்காக்கையை மட்டும் காணோம்.

அவர் மலையேறி வந்தபோது அது இருக்கத்தான் இருந்தது. மேலே செங்குத்துப் பாறையில் உட்கார்ந்துகொண்டு, அவர் காமிராவை இறக்கியது, ஃபிளாஸ்க்கை இறக்கியது, முழங்காலைப் பிடித்துக்கொண்டு முனகியபடி பெட்டிக்குள் நுழைந்தது எல்லாவற்றையும் ஒன்று விடாமல் பார்த்தது. கதவு சாத்தியதும் தொண்டையைக் கனைத்து இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு, ஊர்ப் பக்கமாகப் பறந்து போய்விட்டது. அந்த இரண்டும் கெட்ட வார்த்தை என்பதில் பெர்கூருக்குச் சந்தேகமே இல்லை.

பெட்டி என்பது மீன் தொழிற்சாலையில் கழித்துப் போட்ட பெரிய பிளாஸ்டிக் தொட்டி. பெர்கூர் அங்கே இயந்திரம் பழுது பார்ப்பவர். தொட்டியைக் கவிழ்த்து, பக்கத்தில் கதவு வெட்டி, முன்னால் லென்ஸ் நீட்ட ஓட்டை போட்டு, பனியோடு பனியாகத் தெரிய வேண்டுமென்று மனைவி ஆல்தீஸின் வெள்ளைப் படுக்கை விரிப்பை மேலே போர்த்தியிருந்தார். உள்ளே இன்னும் மீன் நாற்றம் போகவில்லை.

இவ்வளவு பாடும் ஒரு பட்டப்பெயரால் வந்தது.

போன வருடம் ஊர்க் கண்காட்சியில் அவர் ஒரு அண்டங்காக்கைப் படம் வைத்தார். மந்தாரமான நாளில் எடுத்தது. கறுப்புப் பாறை, கறுப்புப் பறவை, சாம்பல் வானம். நீச்சல்குளம் நடத்தும் கீஸ்லி அதன் முன்னால் வெகுநேரம் தலையைச் சாய்த்து நின்றுவிட்டு, "நல்ல விஷயம்தான் பெர்கூர். வேலியில குப்பைப் பை மாட்டிக்கிட்டு கிடக்கறதைப் பாத்தா எனக்கும் கோபம்தான் வரும்" என்றான்.

அவன் கிண்டல் செய்யவில்லை. அதுதான் கொடுமை.

அந்த ஊரில் பெர்கூர் மூன்று பேர். ஒருவர் படகு பெர்கூர், ஒருவர் சர்ச் பெர்கூர். மூன்றாமவருக்கு அதுவரை அடையாளம் இல்லாமலிருந்தது. மறுநாளிலிருந்து அவர் குப்பைப்பை பெர்கூர் ஆனார். கடையில், துறைமுகத்தில், வங்கியிலிருந்து பேசும் பெண்ணின் வாயில்கூட அதே பெயர். அவரும் சிரித்து வைத்தார். ஆனால் உள்ளுக்குள் வலித்தது. இருபது வருடமாக வெளிச்சத்தைத் துரத்திக்கொண்டு அலைபவரை யாராவது அப்படிக் கூப்பிடுவார்களா?

இந்த வருடம் நீச்சல்குளத்து முன்கூடத்தைப் புதுப்பித்து, ஒரு சுவர் முழுவதும் ஒரே படம் மாட்டப் போகிறார்கள். காலண்டரில் ஏப்ரலிலேயே வந்துவிடும் கோடையின் முதல் நாளன்று திறப்பு. தோளில் துண்டோடு ஊர் முழுவதும் தினமும் அந்தப் படத்துக்குக் கீழேதான் நடந்தாக வேண்டும். செய்தி தெரிந்த அன்றே பெர்கூர், ஊரார் கூடி ஊறும் நீச்சல்குளத்து வெந்நீர்த் தொட்டியில் கழுத்தளவு நீரில் உட்கார்ந்து சவால் விட்டுவிட்டார்.

"அந்தச் சுவர் எனக்குத்தான். அண்டங்காக்கையோட நிறத்தைக் காட்டறேன் பாருங்க."

"நிறமா?" என்றார் எதிரே ஊறிக்கொண்டிருந்த தோர்லாகூர். ஆட்டுப் பண்ணைக்காரர். அண்டங்காக்கை என்றால் அவருக்கு ஆகவே ஆகாது என்பது ஊரறிந்த சேதி. "கறுப்புல என்னய்யா நிறம்?"

"கறுப்புன்னு நீ சொல்றே. வெளிச்சம் பக்கவாட்டுல தாழ்வா வந்து விழணும். அப்போ பாரு, கழுத்துல ஊதா, முதுகுல நீலம், இறக்கை ஓரத்துல பச்சை. வழியில சிந்தின டீசல் மாதிரி மினுங்கும்."

"எனக்கு அது என் ஆட்டுக்குட்டியோட கண்ணைக் கொத்தற களவாணி. களவாணிக்கு ஒரே நிறம்தான்."

"உச்சி வெயில்ல எடுத்தா வெள்ளி பூசின மாதிரி பளபளன்னு அடிக்கும், நிறம் செத்துரும். மேகமா இருந்தா ஓட்டை மாதிரி தெரியும்."

"இல்லேன்னா பை மாதிரி" என்றான் கீஸ்லி, அப்பாவியாக.

பெர்கூர் தலையைத் தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டார்.

*

அன்று வெறுங்கையோடு திரும்பி வந்தவரை ஆல்தீஸ் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"வந்துச்சா?"

"வரலை. நான் உள்ளே போறதைப் பாத்துடுது."

சமையலறையில் காபி ஊற்றினாள். ஜன்னலில் அவள் புதிதாக மாட்டிய சிவப்புத் திரை பெர்கூரின் கண்ணை உறுத்தியது.

"இதை முதல்ல கழட்டு ஆல்தீஸ். இது பண்ற வேலையில பால்கூட ரோஸா தெரியுது."

"எனக்கு ரோஸ் பால்தான் பிடிக்கும். அதை விடு, ஒண்ணு கேக்கறேன். கறுப்புப் பறவைன்னா காமிராவுல என்ன மாத்தணும்?"

பெர்கூருக்கு ஒரே ஆனந்தம். கல்யாணமான நாளிலிருந்து அவள் கேட்காத கேள்வி. சுட்ட ரொட்டியைப் படம் எடுப்பதற்காக அவள் அலமாரியில் வைத்திருந்த அவருடைய பழைய காமிராவை எடுத்து, அங்கேயே பாடம் நடத்தினார்.

"காமிராவுக்கு மூளை கிடையாது. எதிர்ல எல்லாம் கறுப்பா இருந்தா, ஐயோ இருட்டுன்னு நினைச்சு வெளுக்க வெச்சிடும். காக்கை சாம்பலாயிடும். அதனால இந்தச் சக்கரத்தை இடது பக்கம் கொஞ்சம் திருப்பி இருட்டாக்கணும்."

"எதிர்ல பனி இருந்தா?"

"அப்போ நேர் எதிர். வெள்ளையைப் பாத்து மிரண்டு எல்லாத்தையும் இருட்டாக்கிடும், நாம வெளுக்க வைக்கணும்."

"ஃபோகஸ்?"

"கண்ணு. எப்பவும் கண்ணு. கண்ணு தெளிவா இல்லேன்னா மத்தது எதுவும் இல்லை. ஆனா அண்டங்காக்கைக்கு மூக்கு நீளம். நம்மளை நேரா பாத்தா கண்ணு தெளிவா இருக்கும், மூக்கு கலங்கிடும். கொஞ்சம் பக்கவாட்டுல திரும்பற வரைக்கும் காத்திருக்கணும்."

"திரும்புமா?"

"ஏதாவது சத்தம் கேட்டா திரும்பும்" என்ற பெர்கூர், பிறகு பெருமூச்சு விட்டார். "முதல்ல வந்தாத்தானே!"

"ரெண்டு பேராப் போயேன்" என்றாள் ஆல்தீஸ். "ஒருத்தர் உள்ளே இருக்கட்டும், ஒருத்தர் வெளியே வந்து ஊருக்கு நடக்கட்டும். ஆள் போயிட்டான்னு நினைச்சுக்கும். பறவைக்கு எண்ணத் தெரியாதுன்னு நீதானே சொல்லுவே?"

பறவைப் படம் எடுப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த பழைய தந்திரம். தனக்கு ஏன் தோன்றவில்லை என்று பெர்கூருக்கு வெட்கமாகிவிட்டது.

மறுநாள் இருவரும் ஏறினார்கள். இருவரும் பெட்டிக்குள் நுழைந்தார்கள். ஆல்தீஸ் மட்டும் வெளியே வந்து, கையை நன்றாக வீசிக்கொண்டு ஊரைப் பார்க்க நடந்தாள். மேலே பாறையிலிருந்த அண்டங்காக்கை தலையைச் சாய்த்துப் பார்த்தது. கனைத்தது. எழுந்து, அவள் போன திசையிலேயே பறந்து போனது. மாலை வரை வரவில்லை.

"ரெண்டு வரைக்கும் எண்ணுது" என்றார் பெர்கூர், வெந்நீர்த் தொட்டியில்.

"அப்போ மூணு பேராப் போகணும்" என்றாள் ஹெர்போர்க். தபால்காரி. சர்ச்சுப் பாடகர் குழுவுக்கும் அவள்தான் தலைவி. மலையில் தொலைந்தவர்களைத் தேடும் மீட்புக் குழுவின் கொட்டகைச் சாவியும் அவளிடம்தான். அந்த ஊரில் யாரும் ஒரே ஒரு வேலை பார்ப்பதில்லை. "நாளைக்கு நானும் வரேன்."

மூன்று பேர் போனார்கள், இரண்டு பேர் திரும்பினார்கள். அண்டங்காக்கை இரண்டு பேரையும் பார்த்தது, பெட்டியையும் பார்த்தது, கிளம்பிப் போனது.

"மூணும் தெரியுது!" பெர்கூருக்கு எரிச்சலை மீறி ஒரு வியப்பு வந்துவிட்டது. அந்தச் சின்ன மண்டைக்குள் எவ்வளவுதான் இருக்கும்? எண்ணுகிறதா, அல்லது கணக்கே போடுகிறதா? ராத்திரி சாப்பிடும்போதுகூட அவர் கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதையே யோசித்தார்.

ஊருக்கும் அந்த நோய் தொற்றியது. வெந்நீர்த் தொட்டியில் வேறு பேச்சே இல்லை. ஐந்து வரை தெரியும் என்றார் ஒருவர். காலில் எத்தனை விரலோ அத்தனை வரைதான் என்றார் இன்னொருவர். சர்ச் கூரைக்கு வெள்ளையடிக்கக் கூப்பிட்டால் இடுப்புவலி என்று சொல்லும் ஆட்கள் எல்லாம், "நாளைக்கு எப்போ கிளம்பறோம்?" என்று பெர்கூரின் தொழிற்சாலைக்கே வந்து கேட்டார்கள். மூவர் ஐவரானார்கள், ஐவர் எட்டுப் பேரானார்கள். தோர்லாகூர்கூடச் சேர்ந்துகொண்டார்.

"நீயா?" என்றார் பெர்கூர்.

"எதிரிக்கு எவ்வளவு தெரியும்னு தெரிஞ்சு வெச்சுக்க வேண்டாமா?" என்றார் தோர்லாகூர். அவருடைய கோட்டுப் பை ஜாம் பாட்டில் அளவுக்கு உருண்டையாக உப்பியிருந்தது. ஆட்டுக்காரர் பையில் என்னென்னவோ இருக்கும்.

எட்டுப் பேர் போய் ஏழு பேர் திரும்பினார்கள். அண்டங்காக்கை ஏமாறவில்லை. ஊர் மனிதர்களின் நல்ல மனசை நினைத்து பெர்கூர் நெகிழ்ந்து போனார். குப்பைப்பை என்று கூப்பிட்ட அதே வாய்கள்தான். இருந்தாலும் தனக்காகக் குளிரில் மலை ஏறுகிறார்களே! வீட்டில் மட்டும் ஏனோ காபித்தூளும் சர்க்கரையும் சீக்கிரம் சீக்கிரம் தீர்ந்துகொண்டிருந்தன. ஆல்தீஸுக்கும் கவலை போலிருக்கிறது, அதிகமாகக் குடிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

*

திறப்புக்கு இன்னும் இரண்டு நாள்தான். பெர்கூர் தூங்காமல் புரண்டு, கடைசியில் உண்மையைக் கண்டுபிடித்தார்.

"அது ஆளை எண்ணலை ஆல்தீஸ். கோட்டை எண்ணுது! என் பச்சைக் கோட்டு உள்ளே போச்சு, வெளியே வரலை. அவ்வளவுதான். எல்லாரும் ஒரே மாதிரி கோட்டு போட்டுக்கிட்டா?"

ஹெர்போர்க் மீட்புக் குழுக் கொட்டகையைத் திறந்துவிட்டாள். தோர்லாகூர், ஆல்தீஸ் உட்பட பாடகர் குழு பன்னிரண்டு பேர், பெர்கூரோடு பதிமூன்று. அத்தனை பேரும் ஆரஞ்சு நிற ஜாக்கெட்டில் வரிசையாக மலை ஏறினார்கள். நாளெல்லாம் மூடியிருந்த மேகம் மேற்கே கொஞ்சம் கிழிந்து, வெயில் வரும் போலிருந்தது.

பெட்டிக்குள் பதிமூன்று பேர் நுழைய முடியாது. அதனால் சுற்றி நின்று மறைத்துக்கொண்டு, குழம்பிப் போகட்டும் என்று உள்ளே இரண்டு பேர், வெளியே மூன்று பேர் என்று கொஞ்ச நேரம் மாறி மாறிப் போய்வந்தார்கள். நடுவில் பெர்கூருக்கே தான் உள்ளே இருக்கிறோமா வெளியே இருக்கிறோமா என்று சந்தேகம் வந்துவிட்டது. ஹெர்போர்க் கையைப் பிடித்து உள்ளே தள்ளினாள். சோதனைக்கு ஒரு படம் எடுத்துப் பார்த்தார். ஜாக்கெட்டுகளின் நிறம் பட்டு, பாறையைச் சுற்றியிருந்த பனி முழுவதும் கேரட் நிறத்தில் இருந்தது.

"போங்க, எல்லாரும் போங்க! பனியைக் கெடுக்கறீங்க!" என்று ஓட்டை வழியாகக் கிசுகிசுத்தார்.

பன்னிரண்டு பேரும் பாடிக்கொண்டே இறங்கினார்கள். அண்டங்காக்கையும் போனது.

ஆனால் அதற்குப் பிறகு வந்த வெளிச்சம் இருக்கிறதே! சூரியன் மேகத்தின் கிழிசலுக்குள் இறங்கி, பக்கவாட்டில், தாழ்வாக, தேன் மாதிரி பாறைமேல் வழிந்தது. பனி அதைக் கீழிருந்து வாங்கி மேலே வீசியது. இருபது வருடமாக அவர் கனவில் கண்ட வெளிச்சம். பாறைமேல் ஆட்டுக் குடல் ராஜ களையோடு ஜொலித்தது. பெர்கூர் மூச்சு விடாமல் காத்திருந்தார்.

அப்போது ஒரு குரல் கேட்டது.

"யாராவது இருக்கீங்களா?"

பெர்கூர் பல்லைக் கடித்தார். இந்த நேரத்திலா? சனியன் பிடித்தவர்கள்!

குரல் நெருங்கி வந்தது. பெட்டியை யாரோ தட்டினார்கள். ஒரு பெண் கேட்டாள், "உள்ளே யாராவது இருக்கீங்களா?"

"உஷ்! இல்லை" என்றார் பெர்கூர். "போங்க."

அந்த நொடியில் ஓட்டைக்கு எதிரே கறுப்பாக ஏதோ பாய்ந்தது. பெர்கூர் எதையும் பார்க்கவில்லை, யோசிக்கவில்லை. பட்டனை அழுத்தினார், அழுத்திக்கொண்டே இருந்தார். கறுப்பு உருவம் பாறைமேல் ஏறியது. கூடவே பெட்டிக் கதவும் திறந்தது. பக்கத்து ஊர் மீட்புக் குழுவின் நான்கு முகங்கள் தெரிந்தன.

"கிடைச்சிட்டாரு!" என்று அந்தப் பெண் வாக்கி-டாக்கியில் கத்தினாள். "உயிரோட இருக்காரு. ஆனா குழப்பமா பேசறாரு."

"என்ன நடக்குது இங்கே?"

"வளைகுடாவுக்கு அக்கரையிலேர்ந்து ஒருத்தர் பைனாகுலர்ல பாத்துட்டு ஃபோன் பண்ணாரு. ஆரஞ்சு ஜாக்கெட்டுல பதிமூணு பேர் ஏறினாங்க, பன்னிரண்டு பேர்தான் இறங்கினாங்கன்னு. ஒருத்தரைக் காணோம்னு சொன்னாரு."

பெர்கூர் அவர்களைப் பார்த்தார். பாறையைப் பார்த்தார். மீட்புக் குழுவின் கறுப்பு நாய் ஆட்டுக் குடலைக் கடைசித் துண்டு வரை தின்று முடித்து, வாயை நக்கிக்கொண்டிருந்தது. சூரியன் மேகத்துக்குள் போய்விட்டது.

போர்வையைச் சுற்றி அவரைப் பனிச்சறுக்கு வண்டியில் கட்டித்தான் இறக்கினார்கள். தன்னால் நடக்க முடியும் என்று அவர் சொல்லச் சொல்ல, "குழப்பத்துல இருக்கறவங்க எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க" என்றாள் அந்தப் பெண்.

*

ராத்திரியே காய்ச்சல் வந்துவிட்டது. மறுநாள் படுக்கையிலிருந்து எழ முடியவில்லை.

"விட்டுடலாம் ஆல்தீஸ்" என்றார். கண் கலங்கியிருந்தது. "நான் சாகற வரைக்கும் குப்பைப்பைதான். கல்லறையிலயும் அதையே எழுதிடுங்க."

"அவ்வளவு படம் எடுத்திருக்கே. ஒண்ணுகூடவா தேறாது?"

"எல்லாம் வெறும் பாறை. ஒரே ஒரு தடவை கறுப்பா என்னமோ பாஞ்சுது. நாய்தான்னு நினைக்கறேன்."

"நினைக்கறியா, தெரியுமா? படுத்துக்கோ. நான் பாத்துப் பொறுக்கி கீஸ்லிகிட்ட குடுத்துக்கறேன்."

அவளுடைய உள்ளங்கை அவர் நெற்றியில் குளிர்ச்சியாக இருந்தது. பெர்கூர் தூங்கிப்போனார்.

கோடையின் முதல் நாள் விடிந்தது. வழக்கம்போலப் பனி கொட்டிக்கொண்டிருந்தது. முன்கூடத்தில் ஈரத்தலையோடும் ரப்பர்ச் செருப்போடும் ஊர் முழுவதும் கூடியிருந்தது. பெர்கூர் கழுத்தில் மஃப்ளரோடு கடைசி வரிசையில் ஒளிந்து நின்றார். எந்தப் படம் என்று கேட்டதற்கு ஆல்தீஸ் "வந்து பாரு" என்று மட்டும்தான் சொன்னாள்.

கீஸ்லி துண்டுகளைத் தைத்துச் செய்திருந்த திரையை இழுத்தான்.

எல்லாத் தலையும் ஒன்றாக நிமிர்ந்தது.

சுவர் முழுக்க அண்டங்காக்கை. கழுத்தில் ஊதா, முதுகில் நீலம், இறக்கை ஓரத்தில் பச்சை. பக்கவாட்டிலிருந்து தேன் வெளிச்சம், கீழிருந்து வெண்மையான மெல்லிய ஒளி. கண்ணும் தெளிவு, மூக்கு நுனியும் தெளிவு. ஏதோ சத்தத்துக்குத் தலையைத் திருப்பிய நேரம். யாரும் பையைப் பற்றிப் பேசவில்லை. படத்தின் கீழே ஒரு சின்ன அட்டை: 'பெர்கூர் வீட்டிலிருந்து.'

பெர்கூர் முன்னால் நின்றவரின் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். அந்த ஒரு நொடி! அப்படியானால் அது நாய் இல்லை!

"பேசு பெர்கூர்!" என்றார்கள். வெறும் பெர்கூர். அவர் காதால் கேட்டார். அட்டையைப் பார்த்து, "வீடு எதுக்குய்யா? பேர் போட்டா போதாதா?" என்று கீஸ்லியிடம் முணுமுணுத்துவிட்டு முன்னால் வந்தார். கீஸ்லி கூரையைப் பார்த்தான்.

"படம்னா பொறுமை" என்று ஆரம்பித்தார் பெர்கூர். "பன்னிரண்டு பேரையும் அனுப்பிட்டுத் தனியா பெட்டிக்குள்ள இருந்தேன். அது எண்ணத் தெரிஞ்ச பறவை. பதிமூணு வரைக்கும் தெரியும். ஆனா என்னோட பொறுமைக்கு முன்னாடி தோத்துப் போச்சு."

பாடகர் குழு முழுவதும் ஒரே நேரத்தில் குனிந்து செருப்பைப் பார்த்தது. ஹெர்போர்க்குக்கு இருமல் வந்தது. தோர்லாகூரின் முகம் சிவந்துகொண்டே போனது. ஆல்தீஸ் முழங்கையால் அவரை இடித்தாள்.

"கீழேயிருந்து ஒளி வருது பாருங்க, அது பனி. மூக்கு நுனியில பொடிப்பொடியா மினுங்குதே, அதுவும் பனித்துகள். ஒண்ணொண்ணா எண்ணலாம், ஃபோகஸ் அப்படி! எல்லாத்துக்கும் மேல அந்தக் கண்ணுக்குள்ள பாருங்க, சின்னதா ஒரு சிவப்பு. மேகத்தைக் கிழிச்சுக்கிட்டு இறங்கின சூரியன். அந்தச் சூரியனை நான் இந்த ரெண்டு கண்ணாலயும் பாத்தேன்!"

அதற்கு மேல் தோர்லாகூரால் முடியவில்லை.

"அது சூரியன் இல்லப்பா, உன் சமையலறைச் சிவப்புத் திரை, மூக்குல இருக்கறது சர்க்கரை, தினமும் உன்னைப் பெட்டியில அடைச்சிட்டு நாங்க உன் வீட்டுக்குப் போய் ஆல்தீஸ் சுட்ட பான்கேக் தின்னுவோம், அன்னிக்கும் பன்னிரண்டு பேர் உட்கார்ந்தோம், பதிமூணாவதா அது ஜன்னல்ல வந்து, ஆல்தீஸ் உன் பழைய காமிராவால எடுக்க எடுக்க, என் கையிலேர்ந்து வாங்கித் தின்னுச்சு!"